மற்றன்னாள் கொடுக்கவேண்டிய ரஜாய்

ஐயா சாமி,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. மண்டபம், சமையல்காரர், மாலை, மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் என்று நீ கேட்டிருந்ததற்கெல்லாம் ஒரு கார்டில் பதில் எழுதிவிடலாம். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாயே, "பெங்களூரில் குளிர் ஜாஸ்தி அம்மா, அப்பா தைத்த ரஜாயை வெயிலில் காயப்போட்டு வை, கல்யாணம் முடிந்ததும் நாங்கள் கொண்டுபோகிறோம்" என்று, அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை தாளும் ஆகப்போகிறது. ரஜாயைக் காயப்போட்டேன். மாடிக் கம்பியில் அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் பேனாவை எடுத்தேன். எனக்குத் தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாது. உனக்கோ தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்துப் பெரியவனானவன். ஆகையால் இதை வரப்போகிறவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல். கம்பம் ஊரில் படித்த பெண், கடகடவென்று வாசிப்பாள். அவளும் கேட்கவேண்டிய சங்கதிதான் இது. நடுவில் அவள் நிறுத்தினால் நிறுத்தட்டும். அவசரப்படுத்தாதே.

நானும் உன் அப்பாவும் போடியிலிருந்து இங்கே மட்டாஞ்சேரிக்கு வந்தபோது எங்களிடம் இருந்தது பஞ்சு அடிக்கிற வில் ஒன்றும், மெத்தை ஊசி நான்கும்தான். அப்பா வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். நரம்பை ஒரு தட்டுத் தட்டினால் தொய்ங் என்று சத்தம் வரும். அதுதான் அவர் கூவல். வாய் திறந்து கூவ அவருக்குக் கூச்சம். பழைய மெத்தை வைத்திருப்பவர்கள் கூப்பிடுவார்கள், வாசலிலேயே பிரித்து அடித்துத் திரும்பத் தைத்துக் கொடுத்துவிட்டு வருவோம். எனக்கு அது போதவில்லை. கடை வைக்கலாம், பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய் விற்கலாம் என்றேன். தெருவே சிரித்தது. விசிறி இல்லாமல் உட்கார முடியாத ஊரில் ரஜாயா? அப்பாவும் சிரித்தார். நான் கொஞ்ச நாள் படகுத்துறையில், இங்கே போட்டு ஜெட்டி என்பார்கள், நின்று பார்த்தேன். யார் பெட்டி கட்டுகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று. மலையில் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவன், பட்டாளத்துக்குப் போகிறவன், கப்பலில் ஏறுகிறவன், வடக்கே ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற பெண்கள். இந்த ஊரில் குளிராது. இந்த ஊரிலிருந்து போகிறவர்களுக்குக் குளிரும். கொச்சங்காடிக்குத் திரும்புகிற சந்தில் அந்த ஒற்றை அறைக் கடையை நான் இதை நம்பித்தான் பிடித்தேன். வியாபாரத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வாங்குகிறவன் நிற்கிற இடத்தைப் பார்க்காதே, அவன் போகப்போகிற இடத்தைப் பார்.

அந்தக் கடை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. எனக்கு இப்போதெல்லாம் கனவில் வருகிறது, அதுவும் சத்தமே இல்லாமல். காலையில் சந்துக்குள் வெயில் விழும்போது கடைக்குள் பஞ்சு மிதக்கும். மேலே எழும்பி, நின்று, யோசித்து, மெதுவாக இறங்கும். பக்கத்துக் கிட்டங்கிகளிலிருந்து மிளகும் சுக்கும் மணக்கும். அந்த மணத்துக்குள் வெள்ளையாக மிதப்பதைப் பார்த்து, மேகத்தின் வாசனை இதுதான் என்று நீ உன் டீச்சரிடம் சொன்னாயாம். சாம்பாரில் பஞ்சு கிடக்கும். தலைமுடியில், கண் இமையில், சாமி படத்தின் பொட்டில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டில் கட்ட இடம் கிடையாது, பஞ்சுக் குவியலில்தான் போட்டுவைப்பேன். நீ தூங்கிவிட்டால் அப்பா உன்னை எடுக்கமாட்டார். உன்னைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குப் பஞ்சை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்து முடிப்பார். அடித்த பஞ்சு நுரை மாதிரி பொங்கி நிற்கும். நடுவில் அடிக்காத பஞ்சில் பள்ளமாக நீ கிடப்பாய், கடலில் ஒரு சின்னத் தீவு போல. நீ விழித்த பிறகுதான் அந்தத் தீவுக்கு வில்லைக் கொண்டுபோவார். இதை மறந்துவிடாதே, இந்தக் கடிதத்தில் பின்னால் இது வேண்டியிருக்கும்.

பஞ்சில் இரண்டு சாதி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலவம் பஞ்சு வழுக்கும், எதிலும் ஒட்டாது. தலையணைக்கு நல்லது, வருஷம் கழித்துப் பிரித்தாலும் அப்படியே உதிர்ந்து வரும். பருத்தி பிடித்துக்கொள்ளும். ரஜாய்க்குப் பருத்திதான் போடவேண்டும். மழைக்காலத்தில் பருத்தி காற்றிலிருந்தே ஈரம் குடித்துக் கனக்கும். ஆரம்ப வருஷங்களில் நான் அந்தக் கனத்தையும் சேர்த்துத்தான் நிறுத்து விற்றேன். அப்பாவுக்குத் தெரியும். மழை நாளில் தராசுப் பக்கம் வராமல் இருந்துகொள்வார். அவர் வராமல் இருப்பதே எனக்குக் குத்தியது. பிறகு அதை விட்டுவிட்டேன். அம்மா சுத்தத் தங்கம் என்று நினைத்து வளர்ந்தவன் நீ, அதனால் சொல்கிறேன். இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதற்கு வந்துகொண்டுதான் இருக்கிறேன்.

முதல் வருஷம் பாஷை எனக்கு வளையவில்லை. ஒருநாள் கொச்சங்காடியிலிருந்து ஒரு காரணவர், குடும்பத்துப் பெரியவர், வந்தார். மகளுக்குக் கல்யாணம், கட்டிலளவுக்கு மெத்தை வேண்டும். இங்கே மெத்தைக்குக் கிடக்க என்பார்கள். பேசி முடித்துப் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "மற்றன்னாள் வேணம், கேட்டோ!" என்றார். மற்ற நாள்தானே, வேறொரு நாள், அவசரமில்லை என்கிறார், எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். பஞ்சைக் கூட அடிக்கவில்லை. மூன்றாவது நாள் சாயங்காலம் நாலு ஆட்களோடு வந்து நிற்கிறார்.

"சேச்சி, கிடக்க எவிடே?"

"நீங்கதான மத்த நாள்னு சொன்னீக?"

"அதே! மற்றன்னாள்! இன்னல்லே மற்றன்னாள்?"

"இன்னைக்கு எப்படிங்க மத்த நாளாகும்? இன்னைக்கு இன்னைக்குதான?"

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமினார். மற்றன்னாள் என்றால் நாளைக்கு அடுத்த நாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் அன்று பாயில் படுத்தார்கள். மறுநாள் மெத்தையை நானே கைவண்டியோடு நடந்து கொண்டுபோய்க் கொடுத்தேன், கூட இரண்டு தலையணை சும்மா வைத்து. அப்பா அதற்கப்புறம் என்னைக் கேலி செய்ய அந்த வார்த்தையையே வைத்துக்கொண்டார். சோறு ஆகவில்லை என்றால், "என்ன தாயி, மற்றன்னாள்தானா?" என்பார்.

மலையாளக்காரர், குஜராத்தி சேட்டு, கொங்கணி, தமிழ் ஆட்கள் என்று ஆளுக்கொரு எழுத்தில் பெயர் எழுதுகிற ஊரில், ஒரு எழுத்து மட்டும் தெரிந்த நான் எப்படிச் சீட்டுக் கொடுப்பது? அதற்காகத்தான் துண்டு முறையைக் கொண்டுவந்தேன். பூப்போட்ட சீட்டித் துணியில் உள்ளங்கை அளவுக்கு எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கோணல்மாணலாகக் கத்தரியால் ஒரு வெட்டு. பூ இரண்டாகும். ஒரு பாதியை ரஜாயின் மூலையில் தைத்துவிடுவேன், மறுபாதி வாங்கப்போகிறவர் கைக்கு. அவர் வந்து பாதியை நீட்டினால் பொருத்திப் பார்ப்பேன். இதழும் இதழும் சேர்ந்தால் பொருள் அவருடையது. கண்ணைத் திறந்து வெட்டினால் கை பழகிப்போய் எல்லா வெட்டும் ஒரே மாதிரி வந்துவிடும், அதனால்தான் கண்ணை மூடுவது. இத்தனை வருஷத்தில் ஒரு பொருளும் ஆள் மாறிப் போனதில்லை. நான் மாற்றியது ஒன்றைத் தவிர.

பூனைக்குட்டிக் கதை உனக்குத் தெரியும், ஆனால் உன் வீட்டுக்காரிக்குத் தெரியாது, அவளுக்காக எழுதுகிறேன். பஜாரில் ஒரு சேட்டுக்குக் கடையில் உட்காருகிற வெள்ளை மெத்தை. நான் பஞ்சைத் திணித்து, வாயைத் தைத்து, மம்மது காக்காவின் கைவண்டியில் ஏற்றி அனுப்பினேன். பாதி வழியில் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓட்டமாக வருகிறார். "சேச்சி, கிடக்க கரயுந்நு!" என்கிறார். மெத்தை அழுகிறதாம். எனக்குப் புரியவில்லை. காதை வைத்துக் கேட்டால் உள்ளேயிருந்து மியாவ். பஞ்சுக் குவியலில் தூங்கிக்கொண்டிருந்த குட்டியை அப்படியே அள்ளித் திணித்திருக்கிறேன். தையலைப் பிரித்தோம். வெள்ளைப் பஞ்சிலிருந்து ஒரு மஞ்சள் தலை வெளியே வந்து, எங்கள் எல்லோரையும் குற்றம் சொல்வது போலப் பார்த்துத் தும்மியது. பின்னாலேயே வந்துவிட்ட சேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மெத்தையோடு பூனையும் தனக்குத்தான் என்று வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எந்த மெத்தையையும் வாய் தைக்குமுன் தோள்வரை கையை விட்டுத் துழாவிப் பார்ப்பேன். உங்கள் இருவருக்கும் அதுவே போதுமான புத்திமதி. ஒரு பேச்சை முடித்துத் தைத்துவிடுமுன் உள்ளே உயிரோடு ஏதாவது இருக்கிறதா என்று கையைவிட்டுப் பாருங்கள். நான் மெத்தையில் பார்த்தேன். வீட்டில் பார்க்கவில்லை.

இனி ரஜாய்க்கு வருகிறேன். உனக்கு ஆறு வயசு நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு இருமல் அதிகமாகி, கடைக்கு வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குமேல் வில்லைப் பிடிக்க முடியாத காலம். வைப்பின் தீவிலிருந்து ஏலிக்குட்டி என்று ஒரு பெண் வந்தாள். நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். வடக்கே குளிர் ஊரில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருந்தது. கையில் காகிதத்தில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் இரண்டு முண்டு, ஆண்கள் உடுத்துவது, துவைத்துத் துவைத்து மெல்லிசாகிப் போனது. அவள் அப்பன் வள்ளக்காரன். சுக்கு மூட்டை ஏற்றி இந்த பஜாருக்கே வந்துபோனவன்தான். மழையில் வள்ளம் கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான். "அப்பச்சன்றெ முண்டா, சேச்சி. இது உள்ளில் வெச்சு தைக்காமோ?" என்று கேட்டாள், அப்பன் முண்டை ரஜாய்க்குள் வைத்துத் தைக்கலாமா என்று. மேலேயே தெரிகிற மாதிரி தைக்கட்டுமா என்றேன். "அய்யோ, வேண்டா. புறத்து காணண்டா. ஹாஸ்டலில் பெண்ணுங்ஙள் களியாக்கும்" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். மற்ற பெண்கள் கேலி செய்வார்களாம், உள்ளே இருந்தால் போதுமாம், தனக்குத் தெரிந்தால் போதுமாம்.

அப்பா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ரஜாய்க்குப் பஞ்சு நான் அடிக்கிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, இருமி, நிறுத்தி, மறுபடி அடித்து, ஒரு ஆள் அரைநாளில் முடிக்கிற பஞ்சை மூன்று நாள் அடித்தார். அவர் அடித்த கடைசிப் பஞ்சு அது. தைத்தது நான். சிவப்பு உறை, மஞ்சள் இலை. உறைக்கும் பஞ்சுக்கும் நடுவில் அந்த இரண்டு முண்டையும் விரித்து வைத்தேன். மூலையில் நீலப் பூவின் பாதி. மறுபாதியை அவள் ஏற்கெனவே வாங்கிப் போயிருந்தாள். தைத்து முடிக்குமுன் அவளுக்குத் தந்தி வந்து உடனே ரயிலேறவேண்டியதாகிவிட்டது. லீவில் வரும்போது எடுத்துக்கொள்கிறேன், பத்திரமாக வையுங்கள் என்று ஆள்மூலம் சொல்லியனுப்பினாள். மேல்தட்டில் வைத்தேன்.

இரண்டு மாதத்தில் அப்பா போடிக்குக் காற்று மாற்றத்துக்குப் போனார், அங்கேயே கண்ணை மூடிவிட்டார். நீ தூங்க மறுத்துவிட்டாய். எந்தப் பாயில் போட்டாலும் எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாய். அழுதாலாவது தேற்றலாம், நீ அழவும் இல்லை. ஒருநாள் மழை கொட்டுகிறது, உன் உடம்பு நடுங்குகிறது, கைக்கு வேறொன்றும் அகப்படாமல் மேல்தட்டிலிருந்து அந்த ரஜாயை இழுத்து உன்மேல் போட்டேன். நீ முகத்தை அதில் புதைத்து மூச்சை இழுத்தாய். "அம்மா, அப்பா வாசம்" என்றாய். எனக்குத் தெரியும் அது என்ன வாசம் என்று. சுக்கு, பீடி, கயிறு, காயல் உப்பு. எத்தனை துவைத்தாலும் போகாத ஒரு வள்ளக்காரனின் வாசம். உன் அப்பாவுக்கு வாசனையே கிடையாதடா. பஞ்சு அடிக்கிறவனிடம் எதுவும் ஒட்டாது, எல்லா வாசனையையும் பஞ்சு குடித்துவிடும். நான் என்ன சொன்னேன்? "ஆமா சாமி, அப்பா தைச்சதுதான்" என்றேன். நீ அந்த நிமிஷமே தூங்கினாய். அந்தத் தூக்கத்தைப் பார்த்த பிறகு நான் அந்தப் பொய்யின் வாயைத் தைத்துவிட்டேன். கையை விட்டுத் துழாவவில்லை.

நாலு வருஷம் கழித்து ஏலிக்குட்டி வந்தாள். ஆடி மாத மழை, சாயங்கால நேரம். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கடைக்குப் பின்னால் பிறகு சேர்த்துக்கொண்ட அறையில் அந்த ரஜாய்க்குள் புகுந்துகொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். குடையை மடக்கிப் படியில் வைத்துவிட்டு, பர்சிலிருந்து நீலப் பூவின் பாதியை எடுத்து நீட்டினாள். சாயம் கூடப் போகவில்லை, அத்தனை பத்திரமாக வைத்திருந்தாள்.

"சேச்சிக்கு என்னெ ஓர்மையுண்டோ? என்றெ ரஜாய்?"

ஞாபகம் இல்லாமலா? அவள் குடையை வைக்கும்போதே என் வாய் ஒரு பதிலைத் தயார் செய்துவிட்டது. நாலு வருஷமாகத் தயாராக இருந்த பதில் அது. "அது மழையில நனைஞ்சு வீணாப் போச்சும்மா. கூரை ஒழுகி, பூஞ்சை பிடிச்சு, எலி வேற. எறிஞ்சிட்டோம்."

அவள் ஒன்றும் சண்டை போடவில்லை. விரலில் அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டே, "முழுவனும் போயோ? ஒரு கஷணமெங்கிலும்?" என்றாள். ஒரு துண்டாவது மிச்சமில்லையா என்று கேட்கிறாள். இல்லை என்றேன். வியாபாரி இல்லையா, கையோடு கடையிலிருந்ததிலேயே உயர்ந்த ரஜாயை, சாட்டின் உறை போட்டதை, எடுத்து அவள்முன் விரித்தேன். இதைக் கொண்டுபோ, காசு வேண்டாம் என்றேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் நீ உள்ளேயிருந்து கத்தினாய்:

"அம்மா, கதவைச் சாத்து! சாரல் அடிக்குது! அப்பா வாசம் போயிரும்!"

உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு அந்த மழைச் சத்தம் உட்பட ஞாபகம் இருக்கிறது. அவள் திரும்பிப் பார்த்தாள். பாதி திறந்த கதவு வழியாக உன் கால் தெரிந்தது, காலின்மேல் சிவப்பு உறை, மூலையில் நீலப் பூ. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. தமிழ் அவளுக்குப் பேச வராது, ஆனால் அப்பா என்ற சொல் யாருக்குப் புரியாது? நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாட்டின் ரஜாயை மடித்து என் பக்கம் தள்ளிவைத்தாள். "வேண்டா சேச்சி. எனிக்கிப்போ தணுப்பு சீலமாயி" என்றாள். குளிர் பழகிவிட்டதாம். கையிலிருந்த துண்டைப் பலகையில் வைத்தாள், அதன்மேல் என் கத்தரியை எடுத்து வைத்தாள், காற்றில் பறந்துவிடாமல். "மோன் உறங்ஙட்டே" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள். பிள்ளை தூங்கட்டும். அவ்வளவுதான். உறங்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாள்.

அடுத்த நாளே வைப்பினுக்குப் போய்க் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, நீ பத்தாவது முடிக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு கடையைப் பெரிதாக்கினேன், வீடு கட்டினேன், வளைகுடாவிலிருந்து புலிப்படம் போட்ட கம்பளிகள் வந்து இறங்கியபோது ரஜாயைக் குறைத்துக்கொண்டு தலையணையும் திரைச்சீலையும் போட்டேன், எதிலும் தோற்கவில்லை. ஆனால் அந்த ஒரு காரியத்தில் மட்டும் எனக்கு மற்றன்னாள் என்றால் இன்னமும் வேறொரு நாள்தான். போன மாதம் உன் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க பிராட்வே கடைவீதிக்குப் போய்த் திரும்பும்போது எர்ணாகுளம் ஜெட்டியில் அவளைப் பார்த்தேன். வைப்பின் போட்டுக்கு நிற்கிற வரிசையில், கையில் சோற்றுப் பாத்திரத்தோடு. காதோரம் நரைத்திருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை. சாயாக் கடைக்காரரிடம் விசாரித்தேன். வடக்கேயிருந்து வந்து இரண்டு வருஷமாகிறது, இப்போது இங்கேதான் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, வயசான அம்மாவோடு இருக்கிறாள் என்றார். போட்டு வந்தது, அவள் ஏறினாள். சேலைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அதே வாரம்தான் உன் கடிதம் வந்தது.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கணக்குத் தெரிந்தவளின் வழிதான். ரஜாயைப் பிரித்துவிடுவது. உள்ளே இருக்கிற முண்டு அவள் அப்பனுடையது, அது அவளுக்கு. பஞ்சு உன் அப்பா அடித்தது, அது உனக்கு. இருவருக்கும் நியாயம். புது உறை போட்டு உனக்கொன்று தைத்துக் கொடுத்தால் நீ கேட்டதும் கிடைத்த மாதிரி, நான் சொன்னதில் பாதியாவது உண்மையான மாதிரி. நேற்றுக் காலையில் வெளிச்சத்தில் உட்கார்ந்து மூலையில் ஒரு சாண் தையலைப் பிரித்தேன். முண்டின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். வரவில்லை. இருபது வருஷம் நீ புரண்டிருக்கிறாய், வியர்த்திருக்கிறாய், அழுதிருக்கிறாய். பருத்தி முண்டின் இழைக்குள்ளே புகுந்து பிடித்துக்கொண்டுவிட்டது. எது நூல், எது பஞ்சு என்று என் விரலுக்கே தெரியவில்லை, இத்தனை வருஷம் பழகிய விரலுக்கு. இன்னும் கொஞ்சம் இழுத்தால் இரண்டும் கிழியும். உன் அப்பாவும் அவள் அப்பனும் ஒருவரையொருவர் ஒரு நாள் கூட முகம் பார்த்துப் பேசியதில்லை. நான் அந்த மூலையை மறுபடி தைத்துவிட்டேன்.

ஆகவே ரஜாய் முழுதாகத்தான் போகவேண்டும், துண்டு யாரிடம் கொடுக்கப்பட்டதோ அவளிடம். இதை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் அது என் பாரத்தை இறக்கிவைப்பது மட்டும்தான். அன்றைக்கு அவள் விட்டுக்கொடுத்தது எனக்காக இல்லை, உனக்காக. அதனால் நீ போகவேண்டும். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீடு. அதற்கு அடுத்த நாள் விருந்து தொடங்கும். முதல் விருந்துக்கு உன் மாமா கூப்பிடுவார், கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்கு நீங்கள் இருவரும் வைப்பினுக்குப் போங்கள். பேச்சு ஒன்றும் தயார் செய்துகொண்டு போகாதே. இந்தத் தாள்களுக்குள் நீலப் பூவின் பாதி வைத்திருக்கிறேன், கத்தரிக்கு அடியிலிருந்து எடுத்த அன்றிலிருந்து என் சாமிப் பெட்டியில் இருந்தது. அதை அவள் கையில் கொடு. பொருத்திப் பார்க்கவேண்டியது அவள். அவள் எடுத்துக்கொண்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வா. உனக்குப் பெங்களூருக்கு வேறொன்று தைத்துக்கொண்டிருக்கிறேன், அதற்குள் என்ன இருக்கிறது என்று உன் வீட்டுக்காரியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிவிட்டுத்தான் வாயைத் தைப்பேன். உன் அப்பாவின் வாசம் எது என்று உனக்கு இனிமேல் யாரும் காட்ட முடியாது, அதை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவள் நான்தான், அதற்கு என்னைத் திட்டிக்கொள். ஆனால் உன்னைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குப் பஞ்சை அடிக்காமல் விட்டுவைத்தாரே, அது நான் சொன்ன கதை இல்லை, நான் பார்த்தது.

மறந்துவிடாதே, மற்றன்னாள் போகவேண்டும். இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற மற்றன்னாள்.

உன் அம்மா